ராஜ்மகால் மலையில் எழுத்தறிவு வகுப்பு: மால்தோ மக்களிடையே பணிசெய்யச் செல்லும் ஊழியருக்கு ஒரு கையேடு

ஜார்க்கண்டின் வடகிழக்கு மூலையில், கங்கை தெற்கு நோக்கித் திரும்பும் வளைவை ஒட்டி, சாகிப்கஞ்ச், பாகுர், கோட்டா, தும்கா மாவட்டங்களில் ராஜ்மகால் மலைகள் பரவிக் கிடக்கின்றன. சமவெளியிலும் பள்ளத்தாக்குகளிலும் சந்தாலிகளும் பிற சமூகத்தாரும் வாழ, மலையுச்சிகளில் சிறுசிறு ஊர்களாகச் சிதறி வாழ்பவர்கள் பஹாடியாக்கள். அவர்களுள் சௌரியா பஹாடியா மக்களின் தாய்மொழி மால்தோ. 2011 கணக்கெடுப்பின்படி சௌரியா பஹாடியாக்கள் 46,000 அளவில் இருக்கிறார்கள். மிகவும் நலிவுற்ற பழங்குடிகள் என்று இந்திய அரசு பட்டியலிட்டுள்ள 75 குழுக்களில் அவர்களும் ஒருவர். தமிழ்நாட்டில் 1959-இல் தோன்றிய ஃப்ரெண்ட்ஸ் மிஷனரி பிரேயர் பேண்ட் முதலிய மறைப்பணி அமைப்புகளின் வழியாகத் தமிழ் ஊழியர்கள் பல பத்தாண்டுகளாக இம்மக்களிடையே பணியாற்றி வருகிறார்கள். அங்கே எழுத்தறிவு வகுப்பு தொடங்க எண்ணும் ஊழியருக்காகவே இக்கையேடு எழுதப்படுகிறது. மருத்துவப் பணியும் சபை நிறுவுதலும் தனித்தனியே பேசப்பட வேண்டியவை என்பதால் அவற்றுக்குள் இங்கே நுழையவில்லை.

புறப்படுவதற்கு முன்

முதற்கேள்வி, போகலாமா என்பதுதான். வெளியார் வருவதே ஆபத்தாக முடியும் மக்களும் இந்தியாவில் இருக்கிறார்கள். அந்தமானின் வடக்கு சென்டினல் தீவை 1956-ஆம் ஆண்டுப் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறை மூடி வைத்திருக்கிறது. 2018-இல் ஓர் அமெரிக்க இளைஞர் அத்தடையை மீறி நற்செய்தி சொல்லச் சென்று உயிரிழந்ததை வீரச்செயலாகப் போற்றும் குரல்கள் நம் சபைகளிலும் கேட்டன. எனக்கு அதில் உடன்பாடில்லை. நோய் எதிர்ப்புச் சக்தியற்ற ஒரு சிறு கூட்டத்துக்கு ஒரு சளிக்காய்ச்சல்கூட முடிவாக அமைந்துவிடலாம். மால்தோ மக்களின் நிலை வேறு. வாரச்சந்தை, வனத்துறை, கல் குவாரி, நியாயவிலைக் கடை என்று வெளியுலகத்தோடு அவர்களுக்கு நெடுங்காலத் தொடர்பு உண்டு. அத்தொடர்பில் பெரும்பாலும் தோற்றவர்கள் அவர்களே என்பதுதான் எழுத்தறிவுப் பணிக்கு நியாயம் கற்பிக்கிறது.

அந்தத் தோல்வியின் வரலாற்றைத் தெரிந்துகொண்டு போக வேண்டும். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாகல்பூரில் கிழக்கிந்தியக் கம்பெனியின் அதிகாரியாக இருந்த அகஸ்டஸ் கிளீவ்லண்ட், மலைத்தலைவர்களுக்குப் படி அளந்தும் இளைஞர்களை வில்லாளர் படையில் சேர்த்தும் மலையை அமைதிப்படுத்தினார். 1784-இல், முப்பது வயதை எட்டும் முன்பே, அவர் இறந்தார். 1830-களின் தொடக்கத்தில் மலையடிவாரம் தாமின்-இ-கோ என்று எல்லை வகுக்கப்பட்டு, காடு திருத்த இசைந்த சந்தாலிகள் அங்கே குடியேற்றப்பட்டார்கள். மலைவாசிகள் உச்சிகளுக்குள் ஒடுங்கினார்கள். பின்னர் கந்துவட்டிக்கு எதிராகச் சந்தாலிகளே 1855-இல் சித்து, கானு சகோதரர்களின் தலைமையில் கிளர்ந்தெழுந்தார்கள். ஆக, இம்மலையின் நினைவில் காகிதம் என்பது வட்டிக்குக் கடன் கொடுக்கும் மகாஜனின் கடன் பத்திரமும் அதிகாரியின் எல்லைக்கோடும் ஆகும். கையில் நோட்டுப் புத்தகத்தோடு ஏறிவரும் அந்நியரை ஊரார் முதலில் சந்தேகத்தோடு பார்த்தால் அது அறியாமையன்று, அனுபவம்.

ஊருக்குள் நுழைய வேண்டிய வாசல் ஊர்த்தலைவரான மாஞ்ஜி. அவரும் மூத்தவர்களும் கூடியிருக்கும்போது, நீங்கள் யார், எந்த அமைப்பைச் சேர்ந்தவர், கிறிஸ்தவரா, எதற்காக வந்தீர்கள் என்ற நான்கையும் அவர்கள் கேட்கும் முன்பே சொல்லிவிடுங்கள். சமூக சேவகர் என்று மட்டும் அறிமுகம் செய்துகொண்டு, ஓராண்டு கழித்து வேதாகமத்தை எடுக்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. அது சட்டத்தின் முன்பும் மக்கள் முன்பும் நிற்காது. உடல்நலத்தைப் பொறுத்தவரை, நான்கு மாவட்டங்களிலும் மலேரியாவும் காலா அசார் என்னும் கொடிய காய்ச்சலும் உண்டு என்பதால் மருந்து தோய்த்த கொசுவலையில்லாமல் ஒரு இரவும் தங்கக் கூடாது.

மொழியைக் கற்பது

எழுத்தறிவு வகுப்பு தொடங்குவதற்குக் குறைந்தது ஓராண்டுக்கு முன்பே மொழி கற்கத் தொடங்க வேண்டும். இந்தியை வைத்துக்கொண்டு ஒப்பேற்றிவிடலாம் என்று நினைப்பவர்கள், சந்தைக்குப் போய்வரும் ஆண்களோடு மட்டுமே பேசுவார்கள். வீட்டிலும் காட்டிலும் நாளைக் கழிக்கும் பெண்களும் பள்ளிக்குப் போகாத பிள்ளைகளும் அவர்களுக்கு எட்டவே மாட்டார்கள்.

மால்தோ ஒரு திராவிட மொழி. குடுக், பிராகூயி ஆகியவற்றோடு வடதிராவிடக் கிளையைச் சேர்ந்தது. தமிழருக்கு இதில் சில வசதிகள் வாய்க்கின்றன. எகர ஏகார வேறுபாடும் ஒகர ஓகார வேறுபாடும் நம் காதுக்கு இயல்பாகவே பிடிபடும். இந்தி பேசுபவர் அவற்றைத் தவறவிடுவார். கேட்பவரைச் சேர்த்துக்கொள்ளும் 'நாம்', சேர்க்காத 'நாங்கள்' என்ற பிரிவும் மால்தோவில் உண்டு. இந்தியிலிருந்து ஜெபத்தையோ பாடத்தையோ மொழிபெயர்ப்பவர் இந்த இடத்தில் தடுமாறுவார், தமிழர் தடுமாற வேண்டியதில்லை. நமக்கு வியப்பளிக்கும் இலக்கணமும் இருக்கிறது. ஒருமையில் ஆண்பால் ஒரு வகுப்பாகவும், பெண்ணும் விலங்கும் பொருளும் சேர்ந்து மற்றொரு வகுப்பாகவும் வினைமுற்று அமையும். உயர்திணை, அஃறிணைப் பாகுபாட்டில் வளர்ந்த நமக்கு ஒரு பெண்ணைப் பற்றி அப்படிப் பேச நா எழாது. அது அவமதிப்பில்லை, இலக்கணம் என்று பழகிக்கொள்ள வேண்டும்.

வசதியைப் போலவே ஒரு பொறியும் காத்திருக்கிறது. கேட்ட சொற்களைத் தமிழ் எழுத்தில் குறித்துக்கொள்ளாதீர்கள். மால்தோவில் வல்லொலியும் மெல்லிய அதிர்வொலியும் சொல்லின் முதலிலேயே பொருளை வேறுபடுத்துகின்றன. நம் எழுத்திலோ இரண்டுக்கும் ஒரே ககரம், ஒரே தகரம்தான். ஆறு மாதம் கழித்து நோட்டைப் புரட்டினால் எது எந்த ஒலி என்று உங்களுக்கே தெரியாது. மேலும், உள்நாக்கில் அடைத்து விடப்படும் ஒரு ககர ஒலியும் அதே இடத்தில் உரசிப் பிறக்கும் மற்றொரு ஒலியும் இம்மொழியில் இருக்கின்றன. கண்ணைக் குறிக்கும் 'கனு' என்னும் சொல்லின் முதலொலி நம் 'கண்' என்பதன் ககரமன்று, அந்த உள்நாக்கு ஒலிதான். ஆகவே பன்னாட்டு ஒலிக்குறிகளைப் பத்து நாள் செலவிட்டாவது கற்றுக்கொண்டு, அவற்றிலேயே குறிப்பெடுங்கள். கைப்பேசியில் ஒலிப்பதிவும் செய்யுங்கள், பேசுபவரின் இசைவைக் கேட்டுவிட்டு.

முன்னோர் செய்துவைத்த வேலையை வீணாக்கக் கூடாது. சர்ச் மிஷனரி சொசைட்டியின் ஜெர்மானிய ஊழியர் எர்னஸ்ட் ட்ரோஸ் 1884-இல் மால்தோ இலக்கணத்தை வெளியிட்டார். சிசிர் குமார் தாஸ் எழுதிய மால்தோ மொழியமைப்பு நூலை 1973-இல் நம் அண்ணாமலைப் பல்கலைக்கழகமே பதிப்பித்தது. மைசூரில் உள்ள இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனமும் இம்மொழி பற்றி ஆய்வு வெளியிட்டிருக்கிறது. இவற்றைப் படித்துவிட்டு மலையேறுபவர் இரண்டாண்டு முன்னால் இருப்பார். ஆனால் நூலில் உள்ள வடிவம் உங்கள் ஊரில் அப்படியே வழங்கும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். சௌரியா பஹாடியாக்களின் வழக்கும் குமார்பாக் பஹாடியாக்களின் வழக்கும் வேறுபடுகின்றன. மால் பஹாடியாக்கள் என்ற மற்றொரு பிரிவினர், எண்ணிக்கையில் பெரியவர்கள், பெரும்பாலும் வங்காளத்தை ஒட்டிய வேறொரு மொழியையே பேசுகிறார்கள். பஹாடியா என்ற பெயரைக் கேட்டவுடன் மால்தோ நூல்களைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடக் கூடாது.

கற்கும் முறைக்குப் பெரிய தந்திரம் எதுவுமில்லை. சுனையிலிருந்து தண்ணீர் சுமக்கும் வழியிலும், மலைச்சரிவில் காட்டை வெட்டி எரித்து விதைக்கும் குர்வா நிலத்திலும், சந்தைக்கு விறகு இறக்கும் பாதையிலும் கூடவே நடந்து, நாளுக்குப் பத்துச் சொற்களைச் சொல்லிப் பழகினால் போதும். பெண்களின் பேச்சைப் பெண் ஊழியரே கற்க வேண்டும். ஆகவே தம்பதியராகவோ, பெண்கள் இருவராகவோ செல்லும் பணித்தளத்தில் வகுப்பு விரைவில் வேர்பிடிக்கிறது.

எந்த எழுத்தில் எழுதுவது

இதைப் பற்றித்தான் ஊழியர்களிடையே அதிகம் வாக்குவாதம் நடக்கும். அதிகம் பேசத் தகுந்ததும் இதுவே.

மிசோரமை எல்லோரும் எடுத்துக்காட்டுவார்கள். 1894-இல் லுஷாய் மலைக்குள் நுழைந்த லோரைன், சாவிஜ் என்னும் இருவரும் ரோமன் எழுத்தில் மிசோ மொழிக்கு நெடுங்கணக்கு அமைத்தார்கள். அடுத்த தலைமுறைகளில் அதுவே பள்ளியின் எழுத்தாகவும் சபையின் எழுத்தாகவும் செய்தித்தாளின் எழுத்தாகவும் ஆயிற்று. 2011-இல் அம்மாநிலத்தின் எழுத்தறிவு 91 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. மேகாலயாவின் காசி மலையில் வேல்ஸ் நாட்டு ஊழியர் தாமஸ் ஜோன்ஸ் 1841 முதல் செய்ததும் இதே வேலைதான். இந்த வெற்றிகளைப் பார்த்துவிட்டு மால்தோவுக்கும் ரோமன் எழுத்தே போதும் என்று முடிவு செய்பவர்கள், அம்மலைகளில் போட்டிக்கு வேறொரு பள்ளி எழுத்து வலுவாக வேரூன்றியிருக்கவில்லை என்பதை மறந்துவிடுகிறார்கள். ராஜ்மகாலில் அரசுப் பள்ளி இருக்கிறது. அது இந்தியில் நடக்கிறது. சந்தைக் கடையின் பலகையும், வேலை அட்டையும், பேருந்தின் பெயர்ப்பலகையும் தேவநாகரியில் இருக்கின்றன. ட்ரோஸ் ரோமன் எழுத்தில் எழுதினார் என்பது உண்மைதான். ஆனால் இன்று ஜார்க்கண்டு மலைகளில் மால்தோ தேவநாகரியில்தான் எழுதப்பட வேண்டும் என்பது என் துணிபு. தாய்மொழியில் கற்ற எழுத்து அடுத்த வாரமே சந்தையில் பயன்பட வேண்டும், இல்லையென்றால் வகுப்புக்கு வருபவர்கள் குறைந்துகொண்டே போவார்கள்.

பக்கத்திலேயே ஒரு எச்சரிக்கையும் இருக்கிறது. சந்தாலி மொழி ரோமன், வங்காளம், தேவநாகரி, ஒடியா ஆகிய எழுத்துகளிலும், 1925-இல் ரகுநாத் முர்மு உருவாக்கிய ஒல் சிக்கி எழுத்திலும் எழுதப்பட்டு வந்தது. ஒவ்வொரு எழுத்துக்கும் பின்னால் ஒரு நியாயம் உண்டு. ஒல் சிக்கி அம்மக்களின் பெருமைச் சின்னம் என்பதிலும் ஐயமில்லை. ஆனால் ஒரு எழுத்தில் அச்சான நூலை மற்றொரு எழுத்தில் படித்தவர் வாசிக்க முடியாமல் வாசகர் கூட்டம் துண்டுதுண்டாகப் பிரிந்தது. மால்தோ போன்ற சிறிய மொழி அந்தச் செலவைத் தாங்காது. ஏற்கெனவே வேறு அமைப்பொன்று தேவநாகரியில் மால்தோ நூல்கள் வெளியிட்டிருந்தால், அவர்களுடைய எழுத்துக்கூட்டல் உங்களுக்கு முற்றிலும் பிடிக்காவிட்டாலும் அதையே பின்பற்றுங்கள். சபைப்பிரிவுக்கு ஒரு எழுத்துக்கூட்டல் என்று நாம் பிரித்துவைத்தால் துன்பப்படப்போவது வாசிக்கத் தொடங்கும் பாட்டிதான்.

தேவநாகரியில் இரண்டு இடங்களைச் சரிசெய்ய வேண்டியிருக்கும். உள்நாக்கு ஒலிகளுக்குப் புள்ளியிட்ட எழுத்துகளைப் பயன்படுத்தலாம். உருதுச் சொற்களுக்காக அவை ஏற்கெனவே வழக்கில் உள்ளவை, எல்லாக் கணினியிலும் உள்ளவை. குறில் எகர ஒகரங்களுக்கு இந்தியில் எழுத்தில்லை, திராவிட மொழிகளுக்கென உருவாக்கப்பட்ட சிறப்பு வடிவங்கள் உண்டு. அவற்றைச் சேர்ப்பதா விடுவதா என்பதை மேசைமேல் முடிவு செய்யாதீர்கள். குறிலும் நெடிலும் மாறினால் பொருள் மாறும் சொல்லிணைகளைத் தேடித் திரட்டுங்கள். அப்படிப்பட்ட இணைகள் நிறைய இருந்தால் குறி வேண்டும், நாலைந்துதான் என்றால் சூழலே பொருளைத் தந்துவிடும். பின்னர் ஐந்தாறு வாசகர்களிடம் இரு வகையிலும் எழுதிய ஒரே கதையைக் கொடுத்து, எதில் தட்டுத்தடுமாறுகிறார்கள் என்று பக்கத்தில் அமர்ந்து பாருங்கள். கடைசி முடிவு ஊராருடையது. தீர்மானத்தை ஊர்க்கூட்டத்தில் எடுத்து, எல்லோர் முன்னிலையிலும் எழுதிக்கொள்ள வேண்டும்.

முதல் பாடநூல்

நாற்பது பக்கத்துக்கு மேற்படாத ஒரு சிறுநூல் போதும். பாடத்துக்கு இரண்டு அல்லது மூன்று புதிய எழுத்துகளுக்கு மேல் கூடாது. அகரவரிசையில் தொடங்குவது நம் பள்ளிப் பழக்கம். அதை விட்டுவிடுங்கள். சேகரித்த கதைகளில் எந்த ஒலிகள் அடிக்கடி வருகின்றன என்று எண்ணிப் பார்த்து, அவற்றுள் எளிதில் வேறுபடுத்திப் பார்க்கக்கூடிய வடிவங்களை முதலில் வையுங்கள். எடுத்துக்காட்டாக, அ, ம, ன, உகரக் குறி ஆகிய நான்கு மட்டும் தெரிந்தாலே தண்ணீரைக் குறிக்கும் 'அமு', மரத்தைக் குறிக்கும் 'மனு' என்ற இரண்டு சொற்களை மாணவர் வாசித்துவிடலாம். முதல் இரவே வீட்டுக்குப் போகும்போது இரண்டு முழுச்சொற்கள் கையில் இருக்கும். அரைமணி நேரம் வளைகோடு போட வைத்து அனுப்பினால் மறுநாள் பாதிப்பேர் வரமாட்டார்கள்.

ஒவ்வொரு பாடத்திலும் ஒரு படம், படத்துக்குரிய சொல், அச்சொல்லைப் பிரித்துக் காட்டும் அசைகள், அந்த அசைகளை மாற்றிக் கோத்தால் கிடைக்கும் வேறு சொற்கள், இறுதியில் அதுவரை கற்ற எழுத்துகளால் மட்டும் அமைந்த ஓரிரு வாக்கியங்கள் என்ற வரிசை அமையட்டும். கற்காத எழுத்து ஒன்று வாக்கியத்தில் நுழைந்துவிட்டால், புதிய வாசகர் தன் அறிவைக் குறைவாக எண்ணிக்கொள்வார், நூலைக் குறை சொல்லமாட்டார். ஆகவே அச்சுக்கு முன் இதை எழுத்தெழுத்தாகச் சரிபார்க்க வேண்டும். உள்நாக்கு ஒலிகளுக்கான புள்ளியெழுத்துகள் நூலின் பிற்பாதியில் வரட்டும். ஐந்து பாடங்களுக்கு ஒருமுறை புதிய எழுத்தில்லாத மீள்பாடம் ஒன்று இருக்க வேண்டும்.

படத்தை நகரத்து ஓவியரிடம் கொடுக்காதீர்கள். கோட்டோவியம் பார்த்துப் பழகாதவர்களுக்கு, பாதி உடல் மட்டும் வரைந்த ஆடு வெட்டப்பட்ட ஆடாகத் தெரியலாம். ஊர் இளைஞர் ஒருவர் வரையட்டும், அதை வேறு ஊரில் காட்டி என்னவென்று கேளுங்கள். சோளக்கதிர், தட்டைப்பயறு, அம்பும் வில்லும், சபாய்ப் புல்லில் திரித்த கயிறு என்று வாழ்க்கையில் உள்ளவையே படங்களாகட்டும். முதல் பதிப்பை அச்சகத்துக்குக் கொண்டுபோக வேண்டாம். முப்பது பிரதி நகலெடுத்து, ஒரு வகுப்பு முழுவதும் ஓட்டி, பிழை திருத்திய பிறகு அச்சிடலாம்.

இந்நூலில் வேதாகம வசனம் இருக்க வேண்டுமா என்று கேட்பார்கள். வேண்டாம் என்பதே என் பதில். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

வகுப்பு நடத்துவது

காடு வெட்டி எரிக்கும் கோடைவாரங்களிலும், முதல் மழைக்குப் பிந்திய விதைப்பிலும், சோளமும் பயறும் அறுக்கும் காலத்திலும் எந்த வகுப்பும் நடக்காது. நடத்த முயலவும் கூடாது. அறுவடை முடிந்து களம் ஒதுங்கிய பிறகு தொடங்கி, வெளியூர்க் கூலிக்கு ஆட்கள் இறங்குவதற்குள் முதல்நூலை முடிக்கும்படி நாட்களைக் கணக்கிடுங்கள். நேரம் இரவுச் சாப்பாட்டுக்குப் பின், ஒரு மணிக்கு மேற்படாமல். சூரிய ஒளியில் மின்னேற்றும் விளக்கு இரண்டு, கரும்பலகை ஒன்று, சிலேட்டும் குச்சியும் போதுமானவை. நடுவயதினருக்கு வெள்ளெழுத்துக் கண்ணாடி தேவைப்படுவதை யாரும் யோசிப்பதில்லை. எழுத்து ஏறவில்லை என்று ஒதுக்கப்பட்ட ஒருவருக்குக் கண்ணாடி மட்டுமே குறையாக இருந்திருக்கும். மலிவான வாசிப்புக் கண்ணாடிகளைச் சில அளவுகளில் பெட்டியில் வைத்திருங்கள்.

ஆசிரியர் நீங்களாக இருக்கக் கூடாது. விடுதிப் பள்ளியில் ஆறு, ஏழாம் வகுப்பு வரை படித்துத் திரும்பிய உள்ளூர் இளைஞரோ பெண்ணோதான் பலகையின் முன் நிற்க வேண்டும். நீங்கள் பின்வரிசையில் உட்கார்ந்து, வகுப்பு முடிந்தபின் அவரோடு மறுநாள் பாடத்தை ஒத்திகை பார்க்கலாம். அவர் கிறிஸ்தவராக இருக்க வேண்டும் என்று நிபந்தனை வைக்காதீர்கள். சம்பளத்தைப் பொறுத்தவரை ஒரு பழைய நிகழ்ச்சி நினைவில் கொள்ளத் தக்கது. பிலிப்பைன்ஸின் மிண்டனாவோ தீவில், லானாவ் ஏரியைச் சூழ்ந்து வாழும் மரனாவ் முஸ்லிம்களிடையே 1930 முதல் எழுத்தறிவுப் பணி செய்த அமெரிக்க மிஷனெரி ஃபிராங்க் லாபாக், உலகப் பொருளாதார மந்தத்தால் நன்கொடை குறைந்து ஆசிரியர்களுக்குச் சம்பளம் தர முடியாமல் போனபோது பணியை நிறுத்திவிடவே எண்ணினார். கற்றவர் ஒவ்வொருவரும் இன்னொருவருக்குக் கற்பித்தே தீர வேண்டும் என்று அங்கிருந்த தலைவர் ஒருவர் கட்டளையிட, பணி முன்னைவிட வேகமாகப் பரவியது. 'ஒருவர் ஒருவருக்கு' என்ற அந்த முறையை லாபாக் பின்னர் இந்தியா உட்படப் பல நாடுகளுக்கு எடுத்துச் சென்றார். ராஜ்மகாலிலும் ஐந்தாம் பாடம் முடித்தவர் முதல் பாடத்தை வீட்டில் ஒருவருக்குச் சொல்லித்தர வேண்டும் என்பதை வகுப்பின் விதியாக்கலாம். ஆசிரியருக்குப் படி தருவதாக இருந்தால் ஊரார் தானியமாகத் தரட்டும். மிஷன் பணத்தில் மாதச் சம்பளம் கொடுத்தால் பணம் நிற்கும் மாதத்தில் வகுப்பும் நின்றுவிடும்.

பெண்களுக்குத் தனி வகுப்பு வேண்டும். ஆண்கள் முன்னால் தப்பாக வாசிக்க அவர்கள் விரும்பமாட்டார்கள் என்பது ஒரு காரணம். தண்ணீரும் விறகும் சுமந்த நாளின் இறுதியில் அவர்களுக்குக் கிடைக்கும் நேரம் ஆண்களுடைய நேரத்தோடு ஒத்துப்போகாது என்பது அதைவிடப் பெரிய காரணம். சுனை தொலைவில் உள்ள ஊரில், எழுத்தறிவு வகுப்புக்கு முன் தண்ணீர்க் குழாய்க்கு மனு எழுதுவதே முதல் பாடமாகலாம்.

கணக்கை வாசிப்போடு சேர்த்தே கற்பியுங்கள். மால்தோவில் ஒன்று, இரண்டு தாண்டினால் எண்ணுப்பெயர்கள் பெரும்பாலும் அண்டை மொழிகளிலிருந்து வந்தவையே என்பதால், இந்தி எண்களை நேரடியாக எடுத்துக்கொள்ளலாம். தராசு முள், படி அளவு, ஜார்க்கண்டு அரசின் திட்டத்தில் இக்குடும்பங்களுக்கு வீடுதேடி வரும் 35 கிலோ அரிசி மூட்டையின் எடை, ஊரக வேலைத்திட்ட அட்டையில் பதிவான நாட்கள் ஆகியவையே பாடப்பொருள்கள். மகாஜனிடம் வாங்கிய தொகை, நாள், வட்டி, திருப்பிக் கொடுத்தது என்ற நான்கு கட்டங்கள் கொண்ட ஒரு சிறு நோட்டை ஒவ்வொருவரும் வைத்திருக்கப் பழக்குங்கள். கையெழுத்திடக் கற்றுக்கொடுக்கும் நாளிலேயே, வாசித்துப் பார்க்காத காகிதத்தில் கையெழுத்திடக் கூடாது என்பதையும் கற்றுக்கொடுக்க வேண்டும். கைநாட்டு வைத்தவருக்குத் தமக்குத் தெரியாது என்று சொல்ல ஒரு வழி இருந்தது. கையெழுத்திட்டவருக்கு அதுவும் இல்லை.

வாசிக்கிறார்களா, ஒப்பிக்கிறார்களா என்பதைப் பிரித்தறிவது கடினம். மனப்பாடமாகத் தெரிந்த பாடலைப் புத்தகத்தில் விரல்வைத்துப் பாடுபவர் வாசிப்பதுபோலவே தோன்றுவார். பக்கத்தின் நடுவிலிருந்து ஒரு சொல்லைத் தனியாகக் காட்டிக் கேளுங்கள். அல்லது, அன்று ஊரில் நடந்த ஒன்றைப் பற்றி இரண்டு வரி பலகையில் எழுதி வாசிக்கச் சொல்லுங்கள். அதற்குச் சிரித்துவிட்டால் வாசித்துவிட்டார்கள்.

நற்செய்தியும் வகுப்பும்

ஊழியர் தம் நம்பிக்கையை மறைக்க வேண்டியதில்லை என்று முன்பே சொன்னேன். ஆனால் எழுத்தறிவை அந்த நம்பிக்கைக்கு விலையாகவோ கூலியாகவோ ஆக்கக் கூடாது. ஜெபத்துக்கு வருபவர்களுக்கு மட்டும் சிலேட்டு, ஞானஸ்நானம் பெற்ற குடும்பத்துக்கு முதலிடம் என்ற நடைமுறை எங்கே நுழைந்தாலும் ஊர் இரண்டாகப் பிளக்கும். மூதாதையருக்கும் கோசாய் தெய்வங்களுக்கும் பலியிடும் குடும்பத்துப் பிள்ளையும் அதே விளக்கின் கீழ் அதே பாடத்தைப் படிக்க வேண்டும். முதல் பாடநூலில் வசனம் வேண்டாம் என்று சொன்னதற்குக் காரணம் இதுதான். அந்நூல் முழு ஊருக்கும் உரியது.

சட்டமும் இதையே கோருகிறது. அரசியலமைப்பின் 25-ஆம் பிரிவு மதத்தைப் பரப்பும் உரிமையைத் தருகிறது. பரப்பும் உரிமை என்பது பிறரை மதம் மாற்றும் உரிமையாகாது என்று உச்ச நீதிமன்றம் 1977-இல் ஸ்டானிஸ்லாஸ் வழக்கில் தீர்ப்பளித்தது. வலுக்கட்டாயத்தாலோ ஆசைகாட்டியோ ஏமாற்றியோ மதம் மாற்றுவதை ஜார்க்கண்டின் 2017-ஆம் ஆண்டு மதச் சுதந்திரச் சட்டம் குற்றமாக்குகிறது. பழங்குடியினர் சம்பந்தப்பட்டால் தண்டனை நான்கு ஆண்டுவரை நீளும். மதமாற்றச் சடங்குக்கு மாவட்ட நிர்வாகத்தின் முன் அனுமதியும் வேண்டும். இச்சட்டத்தின் நோக்கத்தையும் அது பயன்படுத்தப்படும் விதத்தையும் விமர்சிப்பவர்கள் பலர் உண்டு. அவ்விமர்சனத்தில் நியாயமும் உண்டு. ஆனால் இலவசக் கல்வியையே ஆசைகாட்டல் என்று எவரும் சுட்ட இடம்தராதபடி, வகுப்பின் வருகைப்பதிவு, வரவு செலவு, பாடநூல் ஆகியவற்றை மாஞ்ஜியின் பார்வைக்கு எப்போதும் திறந்து வைப்பது உங்கள் கையில் இருக்கிறது.

விசுவாசிகள் கூடும் சபையில் நிலைமை வேறு. அங்கே வேதாகமப் பகுதிகளும் மால்தோப் பாடல்களும் வாசிப்புக்கு வலிமையான தூண்டுதல். வேறு எந்த நூலையும்விட அதிகமாகத் திரும்பத் திரும்ப வாசிக்கப்படுபவை அவையே. அவற்றுக்கான வாசிப்புக் கூட்டத்தை வகுப்பு நடக்கும் இடத்திலும் நேரத்திலும் அல்லாமல் தனியே வையுங்கள்.

வாசிக்க ஏதாவது இருக்க வேண்டும்

முதல்நூலை முடித்தவருக்கு அடுத்த மாதம் வாசிக்க ஒன்றுமில்லையென்றால் கற்றது ஓராண்டில் மறந்துபோகும். ஆகவே பாடநூல் எழுதும்போதே தொடர்நூல்களுக்கும் பொருள் திரட்டுங்கள். முதியவர்களின் கதைகளைப் பதிவுசெய்து, எழுதி, சொன்னவரிடமே வாசித்துக் காட்டி, அவர் திருத்தியபடி எட்டுப் பக்கச் சிறுநூலாக்கி, அட்டையில் அவர் பெயரையும் போடுங்கள். எழுத்தை நம்பாத கிழவர்கூடத் தம் கதையைப் பேத்தி வாசிப்பதைக் கேட்க வருவார். காலா அசார் மணற்கொசுவால் பரவுவதையும், இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் காய்ச்சலோடு வயிற்றின் இடப்பக்கம் வீங்கினால் அரசு மருத்துவமனையில் இலவசப் பரிசோதனையும் மருந்தும் கிடைப்பதையும் சொல்லும் ஒரு நூல் கட்டாயம் வேண்டும். விதைநாள், சந்தைநாள் குறித்த சுவர் நாட்காட்டியொன்றும் மால்தோவில் அச்சிட்டால், அது எல்லா வீட்டிலும் தொங்கும்.

பிள்ளைகளுக்குத் தாய்மொழி எழுத்தோடு நின்றுவிடக் கூடாது. தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தர மாநிலங்கள் முயல வேண்டும் என்று அரசியலமைப்பின் 350அ பிரிவு சொல்கிறது. மலையுச்சிப் பள்ளியில் அது நடக்கக் காத்திருக்க முடியாது. மால்தோவில் தடையின்றி வாசிக்கும் பிள்ளைக்கு, அதே எழுத்தில் அமைந்த இந்திப் பாடநூலுக்குக் கடக்கப் பாலமாக ஒரு நூல் தேவை. இடப்பக்கம் மால்தோ, வலப்பக்கம் இந்தி என்று ஒரே கதையை அச்சிடும் முறை இதற்குப் போதும்.

மூன்றாம் ஆண்டு தொடங்கும்போது, ஒப்படைப்பதற்கான வேலைகள் நடந்துகொண்டிருக்க வேண்டும். பாடநூலின் மூலப் பிரதியும் கணினிக் கோப்பும் ஊழியரின் பெட்டியில் அல்லாமல், ஊரார் தெரிந்தெடுத்த ஒருவரிடமும் அருகிலுள்ள விடுதிப் பள்ளியிலும் இருக்கட்டும். எந்த அச்சகத்தில், என்ன விலைக்கு நகலெடுக்கலாம் என்பதை எழுதி வையுங்கள். ஆசிரியரை அழைத்துப்போய் அச்சகக்காரரிடம் ஒருமுறை அறிமுகமும் செய்துவிடுங்கள். பிறகு ஒரு பருவம் நீங்கள் வேறு ஊரில் தங்கி, கூப்பிட்டால் மட்டும் வாருங்கள். அந்தப் பருவத்தில் வகுப்பு நடந்திருந்தால் அடுத்த மலைக்குப் போகலாம். நடக்காமல் நின்றிருந்தால், புதிய ஊரைத் தொடங்காமல் அதே ஆசிரியரோடு உட்கார்ந்து, எந்தப் பாடத்தில், எந்த மாதத்தில், எதனால் நின்றது என்று கேட்டு அங்கிருந்து மறுபடி தொடங்க வேண்டும்.